செவ்வாயில் ஈரம் தேடிய வரலாறு

வானொலியில் வானிலை அறிக்கை வாசிக்கப்படுகையில், வெப்பநிலைக்கும் மழை அளவுக்கும் பிறகு, காற்றின் ஈரப்பதம் இத்தனை விழுக்காடு என்று ஒரு தொடர் வரும். நேயர்களில் பெரும்பாலோர் அதற்குள் வேறு வேலையில் இறங்கிவிடுவார்கள். மழை உண்டா, இல்லையா என்பது தெரிந்தால் நமக்குப் போதும். ஈரப்பதத்தைக் கேட்டு எவரும் குடை எடுப்பதில்லை. ஆயினும், அந்த ஒரு தொடரைச் செவ்வாய்க் கிரகத்தின் தரையிலிருந்து சொல்வதற்கு மனிதனுக்கு ஏறத்தாழ 140 ஆண்டுகள் பிடித்தன. அங்குள்ள வெப்பத்தை அளந்தார்கள், காற்றின் வேகத்தை அளந்தார்கள், அழுத்தத்தையும் அளந்தார்கள். ஈரம் மட்டும் கைக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது. செவ்வாயின் வறட்சி அதற்கு ஒரு காரணம். அளக்கப் புறப்பட்டவர்கள் தம்முடைய ஈரத்தையும் தம்முடைய வெப்பத்தையும் தம்மோடு கொண்டு சென்றது மற்றொரு காரணம். இவ்விரண்டில் பின்னது அதிகத் தொல்லை கொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறமாலைக்காட்டி என்னும் கருவி விஞ்ஞானிகளின் கைக்கு வந்தது. ஒளியை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே செலுத்தினால் வானவில்லைப் போன்ற வண்ணப்பட்டை தோன்றும் என்பது நாம் அறிந்ததே. அவ்வொளி வரும் வழியில் ஏதேனும் ஒரு வாயு குறுக்கிட்டால், அவ்வாயுவுக்கே உரிய கருங்கோடுகள் அப்பட்டையில் விழும். ஒவ்வொரு வாயுவும் தன் கைந்நாட்டைத் தானே இட்டு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நீராவியின் கைந்நாட்டு எது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ள விரும்பினார் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பியேர் ஜான்சென். 1866-ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்து லா வில்லெத் எரிவாயுத் தொழிற்சாலையில், 37 மீட்டர் நீளமுள்ள குழாய் ஒன்றை நீராவியால் நிரப்பி, அதன் வழியே ஒளியைச் செலுத்திக் கோடுகளைக் குறித்துக்கொண்டார். மறு ஆண்டு சிசிலித் தீவின் எட்னா எரிமலைமீது ஏறி, அங்கிருந்து செவ்வாயின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். குழாயில் கண்ட கோடுகள் அங்கேயும் தென்பட்டன. செவ்வாயில் நீராவி உண்டு என்று அறிவித்தார். இங்கிலாந்தில் வில்லியம் ஹக்கின்ஸ் என்பாரும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்திருந்தார்.

இந்த ஜான்சென் நம் நாட்டுக்கும் வந்தவர். 1868 ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் தம் கருவிகளை நிறுவினார். அங்கே அவர் கண்ட சூரியப் பிழம்புகளின் ஒளிக்கோடுகளைப் பற்றி வானியல் நூல்கள் விரிவாகவே கூறும். அவர் கூர்மையான பார்வையாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் செவ்வாயைப் பற்றிய அவரது முடிவில் ஓர் ஓட்டை இருந்தது.

செவ்வாயின் ஒளி நம் கண்ணை அடையுமுன் செவ்வாயின் காற்றையும் கடக்கிறது. பூமியின் காற்றையும் கடக்கிறது. நம் காற்றிலோ ஈரம் மிகுதி. பூமியில் சராசரியாக ஓரிடத்துக்கு மேலே வான முகடு வரை பரவியுள்ள நீராவி முழுவதையும் குளிரச்செய்து தரையில் பரப்பினால், ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்கும். செவ்வாயில் அப்படிச் செய்தால் நிற்கும் நீர் சுமார் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஒன்றின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு என்றால் விளங்கும். எட்னாவின் மேல் ஜான்சென் கண்ட கோடுகள் பூமியின் நீராவி இட்ட கைந்நாட்டே. ஈரக்கையால் துணியைத் தொட்டுப் பார்த்து, துணி ஈரம் என்று சொன்னது போலாயிற்று.

இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் அமெரிக்காவில் லிக் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த வில்லியம் வாலஸ் கேம்பெல். அவர் கையாண்ட வழி மிக எளியது. எளிமையே அதன் அழகு. சந்திரனில் காற்று இல்லை. ஆகவே சந்திரனின் ஒளியில் காணும் நீராவிக் கோடுகள் முழுவதும் பூமியைச் சேர்ந்தவை. சந்திரனும் செவ்வாயும் வானில் ஒரே உயரத்தில் நிற்கும்போது இரண்டின் ஒளியையும் அடுத்தடுத்துப் பார்த்தால், செவ்வாயில் நீராவி இருக்குமானால் அதன் கோடுகள் சற்றுக் கூடுதலாகக் கறுத்திருக்க வேண்டும். 1894-ஆம் ஆண்டில் கேம்பெல் இவ்வாறு பார்த்தார். வேறுபாடு ஏதும் இல்லை.

அக்காலம் செவ்வாயைப் பற்றி மக்கள் மிகுந்த ஆவல் கொண்டிருந்த காலம். இத்தாலிய அறிஞர் ஸ்கியாப்பரெல்லி 1877-இல் கண்டதாகச் சொன்ன கோடுகளைக் கால்வாய்கள் என்று கொண்டு, அவற்றை வெட்டியவர்கள் அங்கே வாழ்கிறார்கள் என்று பெர்சிவல் லோவெல் என்ற செல்வந்தர் எழுதி வந்தார். இதற்காகவே அரிசோனாவில் சொந்தச் செலவில் வானாய்வு நிலையமும் அமைத்தார். கால்வாய் இருந்தால் நீர் இருக்க வேண்டும். நீர் இருந்தால் நீராவி இருக்க வேண்டும். நீராவி இல்லை என்று ஒருவர் சொல்வது அந்தக் கட்டடத்தின் அடிக்கல்லையே பெயர்ப்பதாகும். கேம்பெல்லின் முடிவை எதிர்த்துப் பலர் பேசினர். 1908-இல் லோவெலின் நிலையத்திலிருந்தே, நீராவியைக் கண்டுவிட்டோம் என்று மறுப்பும் வெளியாயிற்று.

கேம்பெல் வாதத்தைத் தாளில் வளர்த்துக்கொண்டிருக்கவில்லை. நம் தலைக்கு மேலுள்ள நீராவியைக் குறைக்க வேண்டுமானால் அதற்கு மேலே ஏறிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். 1909 செப்டம்பர்த் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் விட்னி மலையுச்சிக்கு, அதாவது ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்துக்குக் கருவிகளை ஏற்றிச் சென்றார். அங்கே ஸ்மித்சோனியன் நிறுவனத்தார் அந்த ஆண்டுதான் கல்லால் ஒரு சிறு குடிலைக் கட்டியிருந்தனர். அக்குளிரில் செவ்வாயையும் சந்திரனையும் மாறி மாறிப் படம் பிடித்தார். மறுபடியும் வேறுபாடு இல்லை. செவ்வாயில் நீராவியே இல்லை என்று அவர் சொல்லிவிடவில்லை. இருந்தால் அது தம் கருவிக்கு எட்டும் அளவுக்குக் கீழே இருக்கிறது என்றுதான் சொன்னார். ஒன்றைக் கண்டேன் என்று சொல்லப் பலர் மலையேறுவர். காணவில்லை என்று உறுதியாகச் சொல்வதற்காக அத்தனை உயரம் ஏறியவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இவரும் இந்தியாவுக்கு வந்தவர். 1898 ஜனவரியில் மகாராஷ்டிரத்து ஜேவூரில் கிரகணம் பார்த்தவர்.

கேம்பெல் மற்றோர் உபாயத்தையும் அறிந்திருந்தார். நம்மைவிட்டு விலகிச் செல்லும் பொருளின் ஒளிக்கோடுகள் சிவப்புப் பக்கமாகச் சற்று நகரும். செவ்வாய் பூமியைவிட்டு விரைந்து விலகும் நாட்களில் பார்த்தால், அதன் நீராவிக் கோடு பூமியின் கோட்டின்மீது விழாமல் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும். கருத்து சரியானதே; அதைக் காட்டும் அளவுக்கு நுட்பமான ஒளிப்படத் தகடுகள் அன்று இல்லை. 1930-களில் மவுண்ட் வில்சன் நிலையத்தில் ஆடம்ஸ், டன்ஹாம் என்போர் இவ்வழியில் முயன்றும் ஏதும் தென்படவில்லை. பிரான்சில் ஒதுவான் டோல்ஃபுஸ் என்பவர் மலையை விடுத்துப் பலூனை நாடினார். 1959-இல் நூற்றுக்கு மேற்பட்ட சிறு பலூன்களைச் சரமாகக் கோத்து, அவற்றின் கீழ் தொங்கிய கூண்டில் தொலைநோக்கியுடன் அமர்ந்து, 14,000 மீட்டர் உயரம் சென்று, கோள்களின் நீராவியைத் தேடினார். கேட்கும்போதே நமக்குத் தலை சுற்றுகிறது.

வெற்றி 1963 ஏப்ரலில் கிட்டியது. மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் ஸ்பின்ராட், மூன்ச், காப்லன் ஆகிய மூவர் பல மணி நேரம் ஒளி காட்டி எடுத்த ஒரு தகட்டில், பூமியின் கோடுகளுக்குப் பக்கத்தில் மெல்லிய நிழல்போல் செவ்வாயின் கோடுகள் ஒதுங்கி நின்றன. அப்போது செவ்வாய் நம்மைவிட்டு வினாடிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருந்தது. கணக்கிட்டபோது கிடைத்த அளவு 14 மைக்ரான் நீர். பிழை ஏழு மைக்ரான் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றனர். ஜான்சென் சொன்னதும் ஒருவகையில் உண்மையாயிற்று. கேம்பெல் சொன்னதும் உண்மையாயிற்று. நீராவி உண்டு, ஆனால் விட்னி மலையிலிருந்து காண இயலாத அளவுக்குச் சிறிது.

அதே தகடு இன்னொரு செய்தியையும் வெளியிட்டது. செவ்வாயின் காற்றழுத்தம் 85 மில்லிபார் அளவில் இருக்கலாம் என்பது அதுவரை வானியலார் பலர் கொண்டிருந்த கருத்து. அத்தகட்டின் கரியமில வாயுக் கோடுகளோ 25 மில்லிபாருக்குமேல் பெரிதாகப் போகாது என்று காட்டின. 1965 ஜூலையில் மாரினர் 4 என்ற விண்கலம் செவ்வாயின் பின்புறம் மறைந்தபோது, அதன் ரேடியோ அலைகள் செவ்வாயின் காற்றில் வளைந்த அளவைக் கொண்டு பார்த்ததில், அழுத்தம் நான்கிலிருந்து ஏழு மில்லிபார் என்று முடிவாயிற்று. நம் கடற்கரையில் அது ஆயிரத்துக்குச் சற்று மேல். நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்தக் காற்றை நம்பிக் குடையை விரித்து இறங்க முடியாது என்பதும், அதில் திரவ நீர் நிலைத்து நிற்பது மிக அரிது என்பதும் அன்றே தெளிவாயின.

அயல் கிரகம் ஒன்றின் தரையில் முதன்முதலாகக் கருவியை இறக்கி வானிலையை அளந்த பெருமை சோவியத் நாட்டுக்கே உரியது, கிரகம் வெள்ளி. 1970 டிசம்பர் 15-ஆம் நாள் வெனெரா 7 அங்கே இறங்கி, ஏறத்தாழ 475 டிகிரி சென்டிகிரேட் வெப்பம் என்று சொல்லி, 23 நிமிடங்களில் அடங்கிற்று. 1975 அக்டோபரில் வெனெரா 9, 10 ஆகியவை கிண்ணக் காற்றுமானிகளால் அங்குள்ள மெல்லிய காற்றோட்டத்தை அளந்தன. அவையும் ஒரு மணி நேர அளவே உழைத்தன. ஈயத்தையும் உருக்கும் அவ்வுலையில் நாள்தோறும் வானிலை அறிக்கை எழுத இயலாது. நாட்குறிப்பு வைக்கத்தக்க இடம் செவ்வாயே.

அந்த நாட்குறிப்பு 1976 ஜூலை 20-ஆம் நாள் தொடங்கிற்று. அன்று வைக்கிங் 1 இறங்குகலம் கிரைசி சமவெளியில் தரை தொட்டது; செப்டம்பர் 3-இல் வைக்கிங் 2 வடக்கே உட்டோப்பியா சமவெளியில் இறங்கிற்று. வானிலைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பிளாரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சீமூர் ஹெஸ். அவர் அளித்த முதல் அறிக்கை நம் அன்றாட அறிக்கையின் நடையிலேயே அமைந்திருந்தது. பிற்பகலில் கிழக்கிலிருந்து இலேசான காற்று, நள்ளிரவுக்குப்பின் தென்மேற்கிலிருந்து, விடியலையடுத்துக் குறைந்த வெப்பநிலை, பிற்பகலில் உயர்ந்த வெப்பநிலை, அழுத்தம் மாறாமல் 7.70 மில்லிபார் என்ற முறையில் அது சென்றது. குறைந்த வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 86 டிகிரி. உயர்ந்ததோ பூச்சியத்துக்குக் கீழ் 30. எண்களை நீக்கிவிட்டுக் கேட்டால் நம் நாட்டு ஊர் ஒன்றின் அறிக்கை என்றே தோன்றும்.

வைக்கிங் கலங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தன. முதற்கலம் 1982 நவம்பர் வரை பேசிற்று. அவை கண்டவற்றுள் வியப்புக்குரியது அழுத்தத்தின் ஏற்ற இறக்கம். செவ்வாயின் காற்று பெரும்பாலும் கரியமில வாயு. துருவத்தில் குளிர்காலம் வந்ததும் அந்த வாயுவே உறைந்து தரையில் விழுகிறது; கோடையில் மீண்டும் ஆவியாகி எழுகிறது. இதனால் கிரகம் முழுவதிலும் அழுத்தம் கால் பங்கு அளவுக்குக் கூடியும் குறைந்தும் வருகிறது. இப்படி நிகழும் என்று லெய்ட்டன், மர்ரி என்ற இருவர் 1966-இலேயே கணக்கிட்டு எழுதியிருந்தனர். வைக்கிங்கின் பாரமானி அதை மெய்யாக்கிக் காட்டிற்று.

ஆனால் வைக்கிங்கில் ஈரமானி இல்லை. வெப்பமானி உண்டு, பாரமானி உண்டு, சூடேற்றிய மெல்லிய படலத்தைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்று பார்த்து வேகத்தைச் சொல்லும் காற்றுமானி உண்டு. ஈரத்தை நேரே உணர ஏதும் இல்லை. மேலே சுற்றிய வைக்கிங் கலங்கள் நீராவியை வரைபடமாக்கி, கோடையில் வடதுருவத்தின் விளிம்பில் 100 மைக்ரான் வரை செல்வதைக் காட்டின. தரையில் இருந்தவர்களோ குறிப்பால் அறிய வேண்டியதாயிற்று. வைக்கிங் 2 இறங்கிய இடத்தில் குளிர்காலத்தில் கற்களின் நிழலோரங்களில் வெண்மையான உறைபனி படிந்ததைப் படம் பிடித்தனர். இரவில் வெப்பநிலை சரிந்துகொண்டே வருகையில் ஓரிடத்தில் அதன் சரிவு சற்றுத் தயங்குவதையும் கண்டனர். அத்தயக்கம் மூடுபனி தோன்றும் நேரம் என்று கொண்டு, காற்றிலிருந்த நீராவியைக் கணக்கிட்டனர். நாடித்துடிப்பைப் பார்த்து நோயைச் சொல்லும் வைத்தியர் முறை இது.

இங்கே ஈரப்பதம் என்ற நம் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அறிக்கைகளைத் தமிழாக்கும் பணியில் இருப்பவர்களுக்கு இச்சொல் தரும் இடர் தெரியும். காற்றில் எவ்வளவு நீராவி உள்ளது என்பது ஒன்று. அந்த வெப்பநிலையில் காற்று அதிகமாக எவ்வளவு நீராவியைத் தாங்குமோ அதில் இத்தனை விழுக்காடு உள்ளது என்பது வேறு. அறிக்கையில் வருவது இரண்டாவது. முறையாகச் சொன்னால் ஒப்பு ஈரப்பதம். ஒப்பு என்ற சொல்லை நாம் நேரம் கருதி விட்டுவிடுகிறோம். தில்லியில் ஜனவரி விடியலில், வெப்பநிலை 5 டிகிரியாக இருக்கையில், ஈரப்பதம் 95 விழுக்காடு என்பார்கள். மும்பையில் மே மாதப் பிற்பகலில், 33 டிகிரி வெப்பத்தில், 65 விழுக்காடு என்பார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் தில்லிதான் ஈரம். உண்மையில் தில்லிக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஆறரை கிராம் நீராவி. மும்பையிலோ இருபத்து மூன்று கிராம். உதடு வெடிப்பது எங்கே, சட்டை உடலோடு ஒட்டுவது எங்கே என்று நினைத்துப் பார்த்தால் கணக்கு விளங்கும்.

செவ்வாயில் இந்த முரண் எல்லையைக் கடந்துவிடுகிறது. பூச்சியத்துக்குக் கீழ் 70 டிகிரிக் குளிரில், காற்று தன் முழுக் கொள்ளளவு நீராவியைத் தாங்கி நூறு விழுக்காடு ஈரப்பதத்தோடு இருந்தாலும், ஒரு கனமீட்டரில் உள்ளது மூன்று மில்லிகிராமுக்கும் குறைவு. தில்லிக் குளிர்காலக் காற்றில் இருப்பதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். செவ்வாயில் விடியலில் ஈரப்பதம் நூறு என்ற செய்தியும் உண்மை; செவ்வாய் நம் பாலைவனங்கள் அனைத்தையும்விட வறண்டது என்பதும் உண்மை.

ஈரத்தை அளக்க நம்மவர் கண்ட பழைய கருவி தலைமயிர். ஜெனீவாவைச் சேர்ந்த சொஸ்யூர் என்ற அறிஞர் 1783-இல் வெளியிட்ட நூலில், எண்ணெய்ப் பசை நீக்கிய மயிரிழை ஈரத்தில் நீண்டும் வறட்சியில் குறுகியும் வருவதைக் கொண்டு அமைத்த ஈரமானியை விளக்கியிருந்தார். நெடுங்காலம் வானிலை நிலையங்களில் இம்முறை நிலவிற்று. செவ்வாய்க்குச் சென்றது அதன் பேரப்பிள்ளை எனத்தக்க ஒன்று. பின்லாந்து நாட்டு வானிலை அறிஞர் வில்ஹோ வைசாலா 1931-இல் பலூனில் கட்டியனுப்பி ரேடியோ வழியே மேலடுக்குக் காற்றின் நிலையை அறியும் கருவியைப் பறக்கவிட்டார். பின்னர் அவர் தொடங்கிய தொழில் நிறுவனம் 1973-இல் ஹியூமிகேப் என்னும் உணர்கருவியை வெளியிட்டது. இரு மின்தகடுகளுக்கிடையே மிக மெல்லிய பாலிமர்ப் படலம் ஒன்றுண்டு. அது காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சும். உறிஞ்சிய அளவுக்கு மின்னைத் தேக்கும் திறன் மாறும். அம்மாற்றமே ஈரத்தின் அளவு. மயிரிழையின் இடத்தைப் பாலிமர் எடுத்துக்கொண்டது.

இனிச் செவ்வாய்த் தரையில் ஈரமானி வைப்பதுதான் மிச்சம். அமெரிக்கர் 1999-இல் தென்துருவத்தை நோக்கி அனுப்பிய கலத்தில் நீராவியை லேசர் ஒளியால் அளக்கும் கருவி இருந்தது; டிசம்பர் 3-இல் இறங்கும்போது கலமே தொலைந்தது. எனவே அந்தப் பேறு 2008 மே 25-ஆம் நாள், வடக்கே 68-ஆவது அட்சரேகையில் இறங்கிய பீனிக்ஸுக்குக் கிடைத்தது. அதன் இயந்திரக் கையில் மண்ணில் குத்திப் பார்க்கும் நான்கு ஊசிகள் கொண்ட சிறு கருவி இருந்தது. அதே கருவியின் மின்சுற்றுப் பலகையில் ஓர் ஈரமானியும் அமைந்திருந்தது. கையை உயர்த்திக் காற்றில் பிடித்தால் ஈரத்தைச் சொல்லும். அயல் கிரகம் ஒன்றின் தரையருகே நின்று அதன் காற்றின் ஈரத்தை நேரே தொட்டு அளந்த முதற்கருவி இதுவே. பகலில் ஆவியாகி நிற்கும் நீர் இரவில் காற்றைவிட்டு மறைவதை அது கண்டது. அவ்வாண்டே கனடா நாட்டார் அக்கலத்தில் பொருத்திய லேசர்க் கருவி, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் உயரத்து மேகங்களிலிருந்து பனித்துகள்கள் பொழிவதையும் கண்டது. நவம்பர் 2-க்குப்பின் துருவக் குளிர் பீனிக்ஸை மௌனமாக்கிற்று.

பீனிக்ஸ் கொடுத்த எண்கள் பத்தாண்டுக்காலம் அறிஞர்களை அமைதியாக இருக்க விடவில்லை. கருவி சூடான மின்பலகையில் உட்கார்ந்திருந்தது. புறப்படுமுன் பூமியில் அதைச் சரிபார்த்த சூழ்நிலைகளும் செவ்வாயில் அது சந்தித்த சூழ்நிலைகளும் முழுவதும் ஒத்திருக்கவில்லை. இறுதியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், பூமியில் எஞ்சியிருந்த அதன் மறுபடி ஒன்றை எடுத்து, செவ்வாயின் குளிரையும் மெல்லிய கரியமில வாயுவையும் ஒரு பெட்டிக்குள் உண்டாக்கி, மீண்டும் அளந்து, 2019-இல் பழைய எண்களைத் திருத்தி வெளியிட்டனர். கலம் அடங்கிப் பதினோர் ஆண்டுக்குப்பின் அதன் நாட்குறிப்புத் திருத்தப்பட்டது.

2012 ஆகஸ்டு 6-ஆம் நாள் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி என்ற ஊர்தி ஸ்பெயின் நாட்டார் அமைத்த முழு வானிலை நிலையத்தைச் சுமந்து சென்றது. அதன் ஈரமானி பின்லாந்து வானிலை நிலையத்தார் அளித்தது, உள்ளே ஹியூமிகேப். இறங்கியவுடனேயே, காற்றுமானிகள் இரண்டில் ஒன்று பழுதுற்றிருப்பது தெரிந்தது. இறங்கும்போது ராக்கெட் ஊதிய ஊதலில் எழுந்த கற்கள் தாக்கியிருக்கலாம் என்றனர். ஈரமானி தப்பியது. அது ஒரு புழுதி வடிகட்டிக்குள் அடங்கி, ஊர்தியின் கழுத்துப் போன்ற கம்பத்தில் சிறு கைபோல் நீட்டிய பகுதியில் தொங்குகிறது.

ஆயினும் பழைய இடையூறு புது வடிவத்தில் வந்தது. கருவிக்கு மின்சாரம் கொடுத்தவுடன் அது சிறிதளவு சூடாகிறது. நம் ஊரில் அவ்வளவு சூடு ஒரு பொருட்டே இல்லை. பூச்சியத்துக்குக் கீழ் 70 டிகிரியிலோ, பத்து டிகிரி சூடேறினால் காற்று தாங்கும் நீராவியின் அளவு நான்கு மடங்காகிறது. இரண்டு டிகிரித் தவறு ஈரத்தின் கணக்கில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தவறாகிவிடும். தன் உடற்சூட்டால் தான் அளக்கும் ஈரத்தையே கருவி விரட்டிவிடுகிறது. ஆகவே ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுப்பாட்டை வகுத்துக்கொண்டனர். ஓய்விலிருந்த கருவியை விழிக்கச் செய்த முதல் சில வினாடிகளில் அது சொல்லும் சொல்லை மட்டுமே நம்புவது. பின்னர் அது சொல்வதை ஒதுக்கிவிடுவது. எழுந்தவுடன் வரும் சொல்லே உண்மை என்பது போன்ற ஏற்பாடு. மேலும், பாலிமர் அக்குளிரில் சோம்பி, ஈரத்தை உறிஞ்சவும் வெளியிடவும் நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. அதில் ஒட்டிக்கொள்ளும் பிற வாயுக்களைப் போக்க, இடையிடையே அதை வேண்டுமென்றே சூடாக்கிப் புதுப்பிக்கவும் வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு கிடைத்தது என்ன? கேல் பள்ளத்தில் விடியலுக்கு முன் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காட்டையும் எட்டுகிறது. பகலில் அது ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கி, கருவியின் பிழை அளவுக்குள் மறைந்துபோகிறது. இரவுக் கணக்கை நம்பலாம்; பகற்கணக்கை இக்கருவியிடம் கேட்பதில் பயனில்லை. இந்த எண்களைக் கொண்டு 2015-இல் ஒரு குழுவினர், மண்ணிலுள்ள பெர்குளோரேட் என்ற உப்பு இரவின் ஈரத்தை உறிஞ்சி, மெல்லிய உவர்நீர்ப் படலமாகச் சில மணி நேரம் நிற்கக்கூடும் என்று எழுதினர். அது உயிர்கள் வாழ ஏற்ற அளவுக்கு வெப்பமுடையதன்று என்பதை அவர்களே குறிப்பிட்டிருந்தனர். செய்தித்தாள்களில் முதல் பாதி பெரிய எழுத்தில் வந்தது. இரண்டாம் பாதி வர மறந்துபோயிற்று.

2021 பிப்ரவரி 18-இல் ஜெசிரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவியரன்சும் பின்லாந்தின் ஈரமானியையே கொண்டு சென்றது. 2022-இன் தொடக்கத்தில் அங்கே வீசிய கடுங்காற்று தூக்கியடித்த சிறு கற்களால் அதன் காற்றுமானிகள் பழுதுற்றன. காற்றை அளக்கச் சென்ற கருவியைக் காற்றே உடைத்தது. இந்தியாவின் மங்கள்யான் 2014 செப்டம்பர் 24-இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கித் தரையில் இறங்காமலே பணியாற்றிற்று. எனினும் அதில் இருந்த ஒரு கருவி, உச்சிக் காற்றில் சாதாரண ஹைட்ரஜனும் கன ஹைட்ரஜனும் உள்ள விகிதத்தை நாடியது. நீர் சிதைந்து விண்வெளிக்குத் தப்பிய வரலாற்றை அவ்விகிதம் சொல்லும் என்பதே அதன் நோக்கம்.

பகலின் ஈரத்தை அறிய வேறு வழி தேட வேண்டியதாயிற்று. கியூரியாசிட்டியில் பாறைகளின்மீது லேசரைப் பாய்ச்சி ஆராயும் நிறமாலைக்காட்டி ஒன்றுண்டு. லேசரை நிறுத்திவிட்டு அதை வானத்தை நோக்கித் திருப்பி, வான ஒளியில் நீராவிக் கோடுகளைத் தேடினர். எட்னாவின்மீது ஜான்சென் செய்த அதே வேலைதான். இம்முறை கருவி நின்றது செவ்வாயின் காற்றுக்குள்ளேயே என்பதால், இடையில் பூமியின் ஈரம் குறுக்கிடவில்லை. அவ்வாறு கண்ட பகல் அளவையும் ஈரமானி சொன்ன இரவு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, தரையருகே காற்றில் பகலில் உள்ள நீராவி இரவில் பெரிதும் குறைந்திருப்பது தெரிந்தது. குறைந்த நீர் உறைபனியாகப் படிகிறதா, புழுதித் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு காலையில் மீண்டும் எழுகிறதா என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி. புழுதியே உறிஞ்சுகிறது என்பதே இப்போது வலுத்துவரும் கருத்து.